படத்தில் கார் எங்கே?

நாற்பத்து மூன்று வயதில் நான் மறுபடியும் கல்லூரியில் சேர்ந்தேன். சென்னையில் பதினான்கு வருடம் மென்பொருளைச் சோதித்துப் பிழை கண்டுபிடிக்கும் வேலை பார்த்தவள். ஆக்லாந்து வந்த பிறகும் அதே வேலைதான் கிடைத்தது. மூன்று வருடம் கழித்து கம்பெனி எங்கள் குழுவையே கலைத்துவிட்டது. அடுத்த வேலைக்கு விண்ணப்பம் எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை. "கொஞ்ச நாள் வேற ஏதாவது படிச்சுப் பாரேன்" என்றார் கணவர். தொண்டு நிறுவனங்களை நடத்துவதற்கென்று ஒரு வருடப் படிப்பு இருந்தது. பெரிதாக யோசிக்காமல் சேர்ந்துவிட்டேன். நாங்கள் குடியிருந்த ஹென்டர்சனிலிருந்து தினமும் ரயிலில் போய் வருவேன்.

முதல் பாதி எதிர்பார்த்தபடியே போனது. அறங்காவலர் குழு எப்படி அமைய வேண்டும், மானியத்துக்கு எப்படி எழுத வேண்டும், தன்னார்வலர்கள் ஏன் மூன்றாம் மாதத்தில் காணாமல் போகிறார்கள் என்றெல்லாம் படித்தோம். இரண்டாம் பாதியில் எங்கள் ஆசிரியை ஒரு புது வேலை கொடுத்தார். அவர் சமோவாவில் பிறந்தவர். கல்லூரிக்கு வருமுன் பல வருடம் இளைஞர் அமைப்பு ஒன்றை நடத்தியவர். "ஏதாவது ஓர் அமைப்போடு பத்து வாரம் இருங்கள். அங்கே சந்தித்த ஒருவருடைய கதையை மூன்றே நிமிடத்தில் எனக்குக் காட்டுங்கள்" என்றார். இருபது புகைப்படம், ஒரு குரல், வேண்டுமானால் கொஞ்சம் இசை. அறிக்கை கிடையாது, வரைபடம் கிடையாது. டிஜிட்டல் கதை என்று அதற்குப் பெயர்.

வகுப்பில் பலர் முகம் வாடியது. படத்தை ஒட்டுவது, ஒலியைச் சேர்ப்பது எல்லாம் அவர்களுக்குப் பழக்கமில்லை. எனக்கோ உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். கணினிதானே, ஒரு வாரத்தில் முடித்துவிடலாம் என்று நினைத்தேன்.

எனக்குக் கிடைத்த அமைப்பு, வெளிநாட்டிலிருந்து வந்த பெண்களுக்குக் கார் ஓட்டப் பழக்குவது. இந்த ஊரில் கார் ஓட்டத் தெரியாத பெண்ணுக்கு வேலை, டாக்டர், பிள்ளைகளின் பள்ளிக்கூடம் எல்லாமே இன்னொருவர் கையில்தான் இருக்கும். மவுன்ட் ரோஸ்கில்லில் ஒரு சமூகக் கூடத்துக்குப் பின்னால் இரண்டு அறைதான் அலுவலகம். வாசலில் மஞ்சள் நிற எல் போர்டு மாட்டிய மூன்று பழைய கார்கள். மேலாளர், பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு நியூசிலாந்துப் பெண்மணி. என்னைப் பார்த்ததும், "உங்கள் மொழி பேசுகிற ஒருவர் இருக்கிறார். அவரோடு போங்கள்" என்று ஒரு தொலைபேசி எண்ணை எழுதித் தந்தார்.

அழைத்தேன். எதிர்முனையில் ஒரு கணீர்க் குரல். "ஓம், மேலாளர் அம்மா சொன்னவ. நீர் எப்ப வாறீர்?"

'நீர்' என்று என்னை அதுவரை யாரும் அழைத்ததில்லை. எங்கள் பக்கம் மேடை நாடகத்தில் ராஜா மந்திரியைத்தான் அப்படிக் கூப்பிடுவார். சிரிப்பை அடக்கிக்கொண்டு, "வியாழக்கிழமை வரேங்க" என்றேன். யாழ்ப்பாணத்தில் தன்னைவிடக் கொஞ்சம் இளையவரை மரியாதையோடு அழைக்கும் வார்த்தை அது என்று பிறகுதான் தெரிந்தது.

நான் அக்கா என்று அழைக்கத் தொடங்கிய அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. ஹில்ஸ்பரோவில் வீடு. முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையில் வேலை. காலை ஆறு மணிக்கு அங்கே நிற்க வேண்டும். முன்பெல்லாம் கணவர்தான் காரில் கொண்டுபோய் விட்டுக்கொண்டிருந்தார். அவருக்குக் கண் பார்வை மங்கி, இனிமேல் ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மகளும் மகனும் மெல்பர்னில். கார் வீட்டு முன்னால் இலை மூடிக் கிடந்தது. அக்கா ஆறு மாதமாக விடிவதற்கு முன்பே எழுந்து மேடேறி நாற்பது நிமிடம் நடந்துகொண்டிருந்தார். அந்த நாட்களிலேயே கார் பழகவும் ஆரம்பித்திருந்தார்.

முதல் நாளே, படம் எடுக்கச் சம்மதம் என்ற தாளை நீட்டினேன். காரின் பானட் மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டார்.

அவருக்குப் பழக்கியவர் பிஜித் தீவிலிருந்து வந்த ஒரு பெரியவர். கார் தகடு நிமிர்த்திப் பெயின்ட் அடிக்கும் பட்டறையில் வாழ்நாள் முழுக்க வேலை பார்த்துவிட்டு, இப்போது சும்மா இருக்கப் பிடிக்காமல் வந்து சேர்ந்தவர். அவருடைய பாட்டனார் காலத்தில் தமிழ் பேசினார்களாம். அவரிடம் மிஞ்சியிருந்தவை 'வா', 'போ', 'சாப்பிடு', 'மெதுவா' என்ற நான்கே வார்த்தைகள். கார் பழக்க அவற்றில் இரண்டு போதுமானதாக இருந்தது. நான் பின் சீட்டில் உட்கார்ந்துகொள்வேன். "மெதுவா, மெதுவா" என்று அவர் சொல்ல, "நான் மெதுவாத்தானே போறன், பின்னால வாறவன்தான் அவசரப்படுறான்" என்று அக்கா திருப்பிச் சொல்வார். அவருக்கு அது புரியாது. ஆனாலும் தலையாட்டுவார்.

அக்காவுக்குப் பெரிய பயம் ரவுண்டபவுட், அதாவது ரவுண்டானாதான். வலப்பக்கம் வருகிறவனுக்கு வழி விட வேண்டும். வலப்பக்கம் யாராவது வந்துகொண்டேதான் இருப்பார்கள். ஒருமுறை அப்படியே மூன்று நிமிடம் நின்றோம். பின்னாலிருந்தவர் ஹார்ன் அடித்தார். அக்கா கண்ணாடியை இறக்கி, கையை வெளியே நீட்டி அவருக்கு டாட்டா காட்டினார்.

ஐந்தாவது வாரம் ஒரு மத்தியானம் நல்ல மழை. மனுகாவ் துறைமுகம் தெரியும் ஒரு மேட்டில் காரை நிறுத்திவிட்டு, பெரியவர் முனையில், இங்கே டெய்ரி என்று சொல்லும் பெட்டிக்கடைக்கு, அடைத்துச் சுட்ட 'பை' என்ற பலகாரம் சூடாக வாங்கப் போனார். நான் ஒலிப்பதிவை ஓடவிட்டு, பின்னால் எடுத்து நிறுத்துவது எப்படி இருக்கிறது என்று கேட்டுக்கொண்டிருந்தேன். அக்கா பதில் சொன்னார். பிறகு கொஞ்ச நேரம் மழையைப் பார்த்தார். "இப்பிடி ஒரு மழைக்குள்ளதான் நாங்கள் இடம்பெயர்ந்தனாங்கள்" என்று தொடங்கினார். பாதி வழியில் அம்மாவின் மருந்தை எடுக்க மறந்தது தெரிந்து, தம்பி சைக்கிளில் திரும்பிப் போனான். அவன் வரவில்லை. அவ்வளவுதான் கதை. ஏழு நிமிடம், குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. நான் அவர் தோளில் கை வைத்திருந்தேன். பெரியவர் பலகாரத்தோடு ஓடி வந்தார். சாப்பிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு, "சரி, வெளிக்கிடுவம்" என்று அக்கா காரைக் கிளப்பினார்.

அன்று ரயிலில் ஹெட்போனில் அந்த ஏழு நிமிடத்தையும் மறுபடி கேட்டேன். கண் கலங்கியது. அதே நேரம், என் படம் கிடைத்துவிட்டது என்றும் மனதுக்குள் ஓடியது. இரண்டும் ஒன்றாகத்தான் நடந்தன. அதை மறைக்க விரும்பவில்லை.

ஒரு வாரம் உட்கார்ந்து செய்தேன். ரவுண்டபவுட், டாட்டா எல்லாவற்றையும் வெட்டி எறிந்தேன். இணையத்தில் தேடி பனைமரம், சேற்றுப் பாதை, எரிந்துபோன ஒரு வீடு என்று படங்கள் எடுத்தேன். அடியில் பியானோ. கதையை நானே ஆங்கிலத்தில் எழுதி, எதிரொலி வராமலிருக்க துணி அலமாரிக்குள் குளிர்கால கோட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்து, நானே வாசித்தேன். அக்காவின் குரல் கடைசி பத்து விநாடி மட்டும். கடைசிக் காட்சி, மழைத்துளி வழியும் கண்ணாடி வழியாக அவர் முகம். என் மகளுக்குப் போட்டுக் காட்டினேன். அவளுக்குப் பன்னிரண்டு வயது. பார்த்துவிட்டு, என் குரல் ஏர்போர்ட் அறிவிப்பு மாதிரி இருக்கிறது என்று ஆங்கிலத்தில் சொன்னாள். குழந்தைக்கு என்ன தெரியும் என்று விட்டுவிட்டேன்.

வகுப்பில் முன்னோட்டம் போட்டபோது முன்வரிசையில் ஒரு பெண் அழுதார். ஆசிரியையும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். மேலாளருக்கு அனுப்பினேன்; அடுத்த மாதம் மானியக் குழுவின் கூட்டத்தில் இதையே காட்டப்போவதாக உடனே பதில் வந்தது. பல மாதம் கழித்து நான் செய்த ஒன்றை நாலு பேர் பாராட்டுகிறார்கள். தலைகால் புரியவில்லை.

வகுப்பு முடிந்து கிளம்பும்போது ஆசிரியை கேட்டார்: "அவர் பார்த்துவிட்டாரா?"

"இன்னும் இல்லை. ஆனால் சம்மதத் தாளில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்."

"காட்டிவிட்டு எனக்குக் கொடுங்கள்" என்றார். கண்டிப்பாக எல்லாம் சொல்லவில்லை. குடையை மறந்துவிடாதீர்கள் என்பது போலத்தான் சொன்னார்.

சனிக்கிழமை மடிக்கணினியோடு அக்கா வீட்டுக்குப் போனேன். சமையலறை மேசையில் தேநீரும், அப்போதுதான் பொரித்த ரோல்ஸும் இருந்தன. அவர் கணவர் திரைக்கு ஒரு சாண் தூரத்தில் முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். படம் ஓடியது. என் ஏர்போர்ட் குரல் அந்தச் சமையலறையில் நிறைந்தது. மூன்று நிமிடம் அவ்வளவு நீளம் என்று எனக்கு அதுவரை தெரியாது.

"முடிஞ்சுதோ?" என்றார் அக்கா.

"முடிஞ்சிடுச்சுக்கா."

"இதில கார் எங்க?"

நான் தேநீர்க் கோப்பையை எடுத்தேன்.

"நான் கார் பழகிறன் எண்டுதானே நீர் வந்தனீர்? ரவுண்டபவுட் இல்லை. அந்தப் பெரியவர் இல்லை. இதில இருக்கிற மனிசி அழுதுகொண்டு கடலைப் பாக்கிறா. அண்டைக்கு நான் அழயில்லை. கண்ணாடியிலதான் தண்ணி."

அவர் கணவர் இன்னும் திரையை விட்டு முகத்தை எடுக்கவில்லை. "அந்த எரிஞ்ச வீடு ஆரின்ர வீடு, பிள்ளை?"

"அது... இன்டர்நெட்ல எடுத்ததுங்க அண்ணா."

"எங்கட வீடு எரியேல்லையே. ஆரின்ரயோ வீட்டை எங்கட எண்டு போட்டிருக்கிறீர்."

கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அப்போதும் என் வாய் சும்மா இருக்கவில்லை. "அக்கா, அந்த ஃபார்ம்ல கையெழுத்துப் போட்டீங்களே..."

"ஓம், போட்டனான். கார் பழகிற பொம்பிளை எண்டு போட்டனான். தம்பியைப் பற்றி உமக்குச் சொன்னது, நீர் பக்கத்தில இருந்தபடியால். படத்துக்குச் சொல்லேல்ல."

பிழை கண்டுபிடிக்கவே சம்பளம் வாங்கியவள் நான். இதில் ஒரு பிழையும் என் கண்ணில் படவில்லை. "மன்னிச்சிடுங்கக்கா. இப்பவே உங்க முன்னாடியே எல்லாத்தையும் அழிச்சிடறேன்" என்று மடிக்கணினியை என் பக்கம் இழுத்தேன்.

அக்கா என் கையைப் பிடித்தார். "பொறும். நான் கதைச்சது முழுக்க இதில இருக்கோ?"

"இருக்கு. ஏழு நிமிஷம்."

"அதை அழியாதேயும். எனக்குத் தாரும். படம் வேண்டாம், பாட்டு வேண்டாம், உம்மட இங்கிலீஷும் வேண்டாம். நான் கதைச்சதை மட்டும்." தன் போனை எடுத்து மேசையில் வைத்துவிட்டு, "பிள்ளையளுக்கு நான் இதைச் சொன்னதேயில்லை. சொல்ல வெளிக்கிட்டால் வாய் வராது. அண்டைக்கு எப்பிடியோ வந்திட்டுது" என்றார்.

அங்கேயே அதை அவர் போனுக்கு மாற்றிக் கொடுத்தேன். பிறகு படத்தையும், என்னிடம் இருந்த ஒலிப்பதிவையும் அவர் பார்க்க அழித்தேன். கிளம்பும்போது ரோல்ஸ் ஆறை ஃபாயிலில் சுற்றிக் கையில் திணித்தார். "அடுத்த வியாழன் வாரும். இந்த முறை நான் கதை சொல்லுறன், நீர் பட்டனை அமத்தும்."

திங்கட்கிழமை மேலாளரிடம் போய் நடந்ததைச் சொல்லி, அவருக்கு அனுப்பிய பிரதியையும் அழிக்கச் சொன்னேன். அவருக்கு ஏமாற்றம்தான். "அது எத்தனை பேர் மனதைத் தொட்டிருக்கும் தெரியுமா? அவர் கையெழுத்துப் போட்டிருக்கிறாரே" என்றார். இரண்டு நாள் முன்னால் நான் சொன்ன அதே வாக்கியம். அவர் நல்லவர், அந்த மூன்று கார்களையும் ஓட வைக்க அவர் படும் பாட்டைப் பத்து வாரம் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். "கையெழுத்துப் போட்டார், ஆனால் எதற்கென்று நான் அவரிடம் சொல்லவில்லை" என்றேன். அவர் ஜன்னல் வழியாகக் கார்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில், "சரி, இப்போது நம்மிடம் என்ன இருக்கிறது?" என்று கேட்டார்.

"கல்லூரியில் கொடுக்க இன்னும் ஒன்பது நாளும், ஒரு ரவுண்டபவுட்டும்" என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அக்கா ஒரு நோட்டுப் புத்தகத்தில் இரண்டு பக்கம் எழுதி வைத்திருந்தார். மூன்று நிமிடத்துக்கு ஒரு பக்கம்தான் வரும் என்றேன். எதை வெட்டுவது என்று பெரிய வாக்குவாதம். பெரியவர் வாங்கித் தந்த பை பலகாரத்தை மட்டும் வெட்டவே விடவில்லை. புகைப்படங்களையும் அவரே எடுத்தார். காலையில் போட்டு நடந்த சப்பாத்து. எல் போர்டு. பின் சீட்டில் கணவர், தலைக்கு மேலுள்ள கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு. படம் கொஞ்சம் கோணல், விரல் நிழல் விழுந்திருந்தது. அப்படியே விட்டோம். குரலை, வீட்டு முன்னால் நின்ற காருக்குள் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு அவரே பதிந்தார். நான் வெளியே நின்று, யாராவது வந்தால் சத்தம் போடாதீர்கள் என்று சைகை காட்டும் வேலை பார்த்தேன்.

அதன் ஒரு பகுதி எனக்கு இன்னும் மனப்பாடம். "எனக்கு ஐம்பத்திரண்டு வயது. ரவுண்டபவுட்டில வலப்பக்கம் பாக்கச் சொல்லுகினம். நான் பாக்கிறன். அங்கயிருந்து வாறவை எல்லாருக்கும் எங்கயோ போக இருக்கு. எனக்கும் போக இருக்கு எண்டு ஒருநாள் யோசிச்சன். பிரேக்கில இருந்து காலை எடுத்தன், கார் போயிட்டுது. என்ர மனிசன் கண்ணை மூடிக்கொண்டார். அவருக்கு ஏற்கனவே கண் வடிவாத் தெரியாது, பிறகேன் மூடினவர் எண்டு எனக்கு விளங்கேல்ல."

ஆங்கில மொழிபெயர்ப்பைத் திரையின் அடியில் எழுத்தாகப் போட்டது மட்டும்தான் என் வேலை. அந்த ஒரு பக்கத்துக்கு என் முந்தைய படம் முழுவதற்கும் ஆன நேரத்தைவிட அதிகம் ஆனது. அவர் சொன்னதைவிட அழகாகச் சொல்ல வேண்டும் என்ற ஆசையை ஒவ்வொரு வரியிலும் அடக்க வேண்டியிருந்தது.

கல்லூரியில் எல்லோருடைய படங்களையும் காட்டிய நாளில் அக்கா வேலையிலிருந்து நேராக, இல்லத்தின் சின்னம் போட்ட ஜாக்கெட்டோடு வந்தார். பெரியவர்தான் அழைத்து வந்தார். அவரும் மேலாளரும் பின்வரிசையில் உட்கார்ந்தார்கள். டாட்டா காட்டிய இடத்தில் முதல் சிரிப்பு எழுந்தது. கணவரின் கைப்பிடிப் படம் வந்ததும் அறையே குலுங்கியது. 'மெதுவா' என்ற வார்த்தை வந்தபோது பெரியவர் பக்கத்திலிருந்தவரிடம், அது தான்தான் என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். முன்பு அழுத அதே பெண் இப்போது சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். முடிந்ததும் யாரோ, தேர்வு எப்போது என்று கேட்டார்கள். அக்கா எழுந்து நின்று, "டியூஸ்டே. ப்ளீஸ் ஸ்டே ஹோம்" என்றார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை அவர் தேறவில்லை. ஒரு சந்தியில் தேவைக்கு மேல் நின்றுவிட்டாராம். மூன்று வாரம் கழித்து மறுபடி போய்த் தேறினார். என் படிப்புக்கு நடுத்தர மதிப்பெண்தான் கிடைத்தது. தொழில்நுட்பத்தில் இன்னும் முயன்றிருக்கலாம் என்று எழுதியிருந்த ஆசிரியை, அதற்குக் கீழே, "இப்போது எனக்கு அவரைத் தெரியும்" என்று ஒரு வரி எழுதியிருந்தார். மானியக் குழுவும் அந்தப் படத்தைப் பார்த்தது. அவர்கள் எப்போதும் தருவதைத்தான் தந்தார்கள். ஆனால் படத்தை இணையத்தில் போட்ட பிறகு, ஓய்வு பெற்றவர்கள் சிலர் அலுவலகத்துக்கு அழைத்தார்கள். "நானும் அந்தக் கைப்பிடியைப் பிடிப்பவன்தான், ஆனால் பழக்க வருகிறேன்" என்றார் ஒருவர். நான்கு பேர் வந்தார்கள். அவர்களில் மூன்று பேர் இன்னும் வருகிறார்கள்.

மெல்பர்னிலிருந்த மகளுக்கு அந்த ஏழு நிமிடத்தையும் அனுப்பியதாகப் பிறகு அக்கா சொன்னார். மகள் உடனே அழைக்கவில்லையாம். மூன்றாம் நாள் அழைத்து இரண்டு மணி நேரம் கதைத்தாளாம். என்ன கதைத்தார்கள் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

படிப்பு முடிந்ததும் மேலாளர் என்னை அங்கேயே வாரம் மூன்று நாள் வேலைக்கு வைத்துக்கொண்டார். நான் முதலில் செய்தது, அந்தச் சம்மதத் தாளில் இரண்டாவதாக ஒரு கையெழுத்துக்கு இடம் விட்டதுதான். படம் எடுக்கும் முன் ஒன்று, படத்தைப் பார்த்த பின் ஒன்று. குடையை ஞாபகப்படுத்துவது போல ஒரு கேள்வி கேட்ட ஆசிரியைக்கும், வீட்டுக்கு வந்தவளை வெறும் கையோடு அனுப்பாமலே தவறைச் சொன்ன அக்காவுக்கும் நான் பட்டிருக்கும் கடன் அந்த ஒரு கையெழுத்துக் கோட்டில் இருக்கிறது. இரண்டு பேரிடமும் இதைச் சொல்லியிருக்கிறேன். ஆசிரியை சிரித்தார். "அதுக்கென்ன" என்றார் அக்கா.

போன வாரம் ஆக்லாந்துக்குத் தெற்கேயுள்ள புக்கெகோஹி ஊருக்குப் போயிருந்தேன். காய்கறி பொதியும் கொட்டகையில் வேலை பார்க்கும் பிஜிக்காரப் பெண் ஒருவர் எங்களிடம் ஓட்டப் பழகுகிறார். சாப்பாட்டு இடைவேளையில் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அவருடைய படத்தைப் போட்டுக் காட்டினேன். இரண்டு முறை பார்த்தார். வெங்காய மூட்டைக்குப் பக்கத்தில் நின்று கொட்டாவி விடும் ஒரு காட்சியை மட்டும் எடுத்துவிடச் சொன்னார். எனக்கு மிகவும் பிடித்த காட்சி அது. எடுத்துவிட்டு மறுபடி காட்டினேன். கையுறையைக் கழற்றிவிட்டு இரண்டாவது கையெழுத்தையும் போட்டார்.